திங்கட்கிழமை மட்டும் மக்கர் பண்ணின வேன்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? பாப்பா அடம் பிடிக்காம சாப்பிடறாளா?

பயப்படாம படிங்க, சிரிப்புக் கதைதான். நான் ஓட்டற சலவைத்துணி வேன், ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கட்கிழமை சாவியைத் திருப்பினா மூச்சே காட்டாது. பேட்டரி காலி. புதுசு மாட்டியும் அதே கூத்து.

மெக்கானிக் அண்ணன் தலையைப் பிய்ச்சுக்கிட்டார். "நிறுத்தின வண்டியில எதுவோ கரண்டைக் குடிக்குதும்மா"ன்னு ஷெட் கதவையெல்லாம் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்கு முன்னாடி இருக்கிற பெட்டியோட இடுக்குல வெளிச்சம்! மூடி முழுசா மூடாததால உள்ளே பல்பு அணையவே இல்லை. மத்த நாள் வண்டி ஓடறப்ப பேட்டரி ஏறிடும், ஞாயிறு முழுக்க நின்னா காலி. மூடியைத் தடுத்தது எதுன்னு நினைக்கிறீங்க? ஊர்லேர்ந்து கிளம்பறப்ப உங்களுக்குத் தெரியாம நான் எடுத்துட்டு வந்த பாப்பாவோட ஒத்தைச் செருப்பு!

எனக்கு மானம் போச்சு. அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் செருப்பை எடுக்கப் போனேன். "அது இருக்கட்டும்மா"ன்னு பல்பைக் கழட்டி என் கையில கொடுத்துட்டார்.

இங்க கடையில அழகழகா செருப்பு இருக்கு. பாப்பாவைத் தாள் மேல நிக்க வெச்சு, பாதத்தைச் சுத்திக் கோடு போட்டு அனுப்புங்க. லோடு ஏத்தக் கூப்பிடறாங்க, ஓடறேன். கோட்டை ஒரு விரல் தள்ளியே போடுங்க. நான் வர்றதுக்குள்ள வளர்ந்துடுவாளே.

பாப்பாவோட அம்மா