அந்த மலையை எவன் நினைத்தான்?

காலைப் பேருந்தில் யாரோ வேகவைத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த வாசனைக்கு எனக்குப் பசி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கம்பைநல்லூரிலிருந்து தருமபுரி வரை, ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும், கடலையைத் தின்றுகொண்டே என் உயிரை வாங்கியவன் நீ.

நான் எந்தக் கோயிலுக்கும் போகாதவன். நீ மாதா கோயில் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன். ஒன்றாகப் பேருந்தில் போய்வந்த பதினோரு வருடமும் ஒரே சண்டை. "ஒண்ணு இருக்குதுன்னு சொல்லணும்னாலே ஒரு நெனப்பு வேணும்டா. யாருமே நெனக்காதது எப்படி இருக்கும்? அப்ப எல்லாத்தையும் நெனச்சுக்கிட்டே ஒருத்தரு இருக்கணுமில்ல? அவருதான் கடவுள்" என்பாய்.

"மனுசனே பொறக்காத காலத்துல இந்த மலை இருந்துச்சில்ல? அப்ப இதை எவன்டா நெனச்சான்?" என்று ஒருநாள் ஜன்னல் வழியே காட்டிக் கேட்டேன்.

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்!" என்று சொல்லி அடுத்த கடலையை உரித்தாய். முன்னால் இருந்தவர் சிரித்துவிட்டார். உன்னைப் படிக்கட்டு வழியாகத் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

உன் தோட்டத்துப் போர்வெல்லையும் சண்டைக்குள் இழுத்தேன். "ஆயிரம் அடிக்குக் கீழ இருக்கறதை உங்க ஆளு ஒருத்தருதான் நெனச்சுக்கிட்டிருக்காரு. அப்புறம் ஏன்டா தண்ணி வரல?"

"அது வேற விசயம்டா." மாட்டிக்கொண்டால் உனக்கு எல்லாமே வேறு விஷயம்!

கடைசியாகத்தான் சரியான கேள்வி கேட்டேன். "அசந்து தூங்கறப்ப எனக்கே என் நெனப்பு இல்ல. அப்ப நான் இல்லாமப் போயிடறேனா?" நீ உரிப்பதை நிறுத்தினாய். "நாளைக்குச் சொல்றேன்டா" என்று இறங்கிப் போனாய். விடிவதற்குள் நெஞ்சுவலி. உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் போவது என்ன பழக்கம்?

இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு உன் மனைவி கூப்பிட்டார். "பூசையில அவரு பேரு வாசிக்கணுங்கண்ணா. உங்க கையெழுத்து நல்லாருக்கும், எழுதிக் குடுத்துருங்க." கோயில் வாசல் மேசையில் இரண்டு வகைத் துண்டுத்தாள்கள். வெள்ளை, இறந்தவர்களுக்கு. மஞ்சள், உடல்நலம் வேண்டுவோருக்கு. எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சாமியாருக்கு உதவியாக நிற்கும் உபதேசியார் நோயாளிகள் பெயர்களை வாசித்தார். கால் உடைந்தவர், ஆபரேஷன் ஆனவர், அடுத்து நீ. கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. மஞ்சளில் எழுதித் தொலைத்திருக்கிறேன்!

"வெள்ளையில எழுதிக் குடுங்க சார், அடுத்த வாரம் சரியா வாசிச்சிடறேன்" என்று பூசை முடிந்ததும் உபதேசியார் ஒரு தாளை நீட்டினார். உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பரவால்லீங்கண்ணா, மெதுவா எழுதுங்க" என்றார்.

மூன்று வாரமாகிவிட்டது. தாள் என் சட்டைப்பையிலேயே வெறுமையாகக் கிடக்கிறது. இதை வைத்து நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நான் இன்னும் கடவுளை நம்பாதவன்தான். ஆனால் அதில் உன் பெயரை மட்டும் என்னால் எழுத முடியாது. வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளும்படி உன் மனைவியிடம் நீயே சொல்லிவிடு.