என் பெயர் ஒட்டி விற்கப்பட்ட போலித் தயிர்

அனுப்புநர்:
திருமதி பிரதீபன் பிரேமிளா,
அக்கராயன், கிளிநொச்சி.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
கிளிநொச்சி.

விடயம்: போலித் தயிரைக் கண்டுபிடித்த உத்தியோகத்தருக்கு நன்றி தெரிவித்தலும், பகுப்பாய்வு முடிவை ஊரறியச் செய்யுமாறு கோரலும்.

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஒன்பது வருடங்களாக "பிரேமிளா எருமைத் தயிர்" என்ற லேபலுடன் சட்டித் தயிர் விற்று வருகிறேன். கணவர் பால் கறப்பார். காய்ச்சி உறை ஊற்றுவது நான்.

கடந்த சித்திரை மாதம் என் லேபல் ஒட்டிய தயிரைச் சாப்பிட்ட அயல்வீட்டுச் சிறுமி யதுர்ஷிகா, வாந்தியும் வயிற்றோட்டமுமாக மூன்று நாட்கள் வைத்தியசாலையில் இருந்தாள். அவளது தாய் ஜெயரூபி என் வாசலில் வந்து நின்று, "உங்களை நம்பித்தானே அக்கா பிள்ளைக்குக் குடுத்தனான்" என்று அழுதார்.

அன்று மாலையே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் திரு. ஜனார்த்தனன் அவர்கள் வந்து எனது விற்பனையை நிறுத்தினார். மாதிரி எடுத்து முத்திரையிட்டு, மிகுதிச் சட்டிகளையும் வண்டியில் ஏற்றினார். "எங்கட வயித்தில அடிக்கவோ வந்தனீங்கள்?" என்று நான் அவரை ஏசியதை இங்கு மறைக்க விரும்பவில்லை. "உங்களில பிழை இல்லாட்டி அதையும் நான்தான் எழுதுவன், அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. என்னிடம் தயிர் முடிந்ததால் ஜெயரூபி போய் வாங்கிய கடையை அவரிடமே கேட்டறிந்து, அங்கிருந்து என் பெயர் ஒட்டிய இருபத்திரண்டு சட்டிகளைக் கைப்பற்றினார். அந்தக் கடைக்கு நான் ஒருபோதும் தயிர் கொடுத்ததில்லை. லேபலில் என் தொலைபேசி இலக்கம் பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே. அவை பால்மாவும் மரவள்ளி மாவும் கலந்தவை, நோய்க்கிருமிகள் உள்ளவை என்றும், என் தயிர் சுத்தமான எருமைப்பால் என்றும் பகுப்பாய்வில் தெரியவந்தது. கடைக்காரரும் தயாரித்தவரும் நீதவான் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. திரு. ஜனார்த்தனன் எங்கள் முற்றத்தில் என்னோடும் கணவரோடும் ஜெயரூபியையும் கூப்பிட்டு இருத்தி, அதை வரிவரியாகத் தமிழில் சொன்னார். முடிப்பதற்குள் ஜெயரூபி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு நாட்களுக்குப் பின் அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். இந்த நன்றியை வாயால் சொல்ல முயன்றேன், முடியவில்லை; ஆகவே எழுதுகிறேன்.

ஆனால் ஐயா, என் சட்டிகள் வண்டியில் ஏறியதை ஊரே பார்த்தது. அறிக்கை தெரிந்தவர்கள் அவருடன் சேர்த்து நாங்கள் நான்கு பேர்தான். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை இன்றுவரை என் தயிரை எடுப்பதில்லை. ஆகவே அம்முடிவைத் தமிழில், தங்கள் முத்திரையுடன் அக்கராயன் சந்தையில் ஒட்டுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். திரு. ஜனார்த்தனன் அவர்களின் சேவையைத் தாங்கள் எழுத்தில் பாராட்டினால் நாங்கள் மகிழ்வோம்.

மேலும், தயிர் விற்கும் எல்லோரிடமும் மாதந்தோறும் மாதிரி எடுக்கப் பணியுங்கள். முதலில் என் வீட்டுக்கே வரட்டும். முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை.

தங்கள் திணைக்களத்துக்கு நன்றிக்கடன்பட்ட,
பி. பிரேமிளா
(கையொப்பம்)

இடம்: அக்கராயன்
திகதி: 09.06.2025