ஓர்வன் சாகாத ஆட்டம்

பிப்ரவரி 11
பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று டிகிரி. கார் கிளம்பவில்லை. நல்லதாகப் போயிற்று, வேலை ஓடியது.

வீடியோ கேமை நாவலாக எழுதித் தரும் இந்த வேலையில் ஒரு தொல்லை, கதாநாயகனே கிடையாது. விளையாடுகிறவர்தான் நாயகன். அவருக்குப் பெயர், முகம், ஆணா பெண்ணா, எதையும் நாம் வைக்கக்கூடாது. கூட வருகிறவர்களை வைத்துத்தான் கதையை நகர்த்த வேண்டும். நான் பிடித்துக்கொண்டது வைத்தியன் ஓர்வனை. சிடுமூஞ்சி, ஆனால் கைராசிக்காரன்.

லேசியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பரவால்லடி, இந்தத் தடவை ஆளு மனுஷன் மாதிரி பேசுறான்" என்றாள். அக்காவிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

பிப்ரவரி 14
லேசியாவின் இடது கையும் போய்விட்டது. பெரோகிக் கொழுக்கட்டையை நான்தான் ஊட்டினேன். "சின்னதா வெட்டுடி, நான் என்ன குதிரையா?" என்றாள். சிரித்தேன். பிறகு சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நரம்பு ஒவ்வொன்றாகச் சாகிறது, நிறுத்த மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

பிப்ரவரி 20
ப்ரென்ட் கூப்பிட்டார். கேம் கம்பெனியில் கதை பிசகாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். அவர் தலையாட்டினால்தான் புத்தகம்.

"டாரியா, அனுப்பின வரைக்கும் அருமை. ஒரே ஒரு விஷயம். ஓர்வன் எப்படிங்க உயிரோட இருக்கான்?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"பத்துல ஒன்பது பேர் ஆட்டத்துல சிறையிலயே செத்துடுவான். அடுத்த பாகம் அவன் சமாதிலதான் ஆரம்பிக்குது. குறிப்புல போட்டிருந்தோமே."

நானூறு பக்கக் குறிப்பு. நான் எங்கே முழுதாகப் படித்தேன்? எனக்கு விளையாடவும் வராது, முதல் பாலத்திலேயே ஓநாய் தின்றுவிடும். போன வருடம், கை இருந்தபோது, லேசியாதான் நூற்று நாற்பது மணி நேரம் விளையாடினாள். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஓர்வனைக் காப்பாற்ற அந்தச் சிறைக்குள் ஏழு தடவை போய்த் தோற்றாள், எட்டாவது தடவை வெளியே கொண்டுவந்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் முடியும் என்று நான் நினைத்துவிட்டேன். ஒருத்தியின் ஆட்டத்தை ஊருக்கே நடந்த கதையாக எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் நேற்று வந்தவர்கூடச் செய்யாத தப்பு. அறிவுகெட்டவள்.

பிப்ரவரி 21
கெஞ்சிப் பார்த்தேன். "என் கையில இல்லைங்க" என்கிறார். ஒப்பந்தப்படி ஒவ்வொரு எழுத்தும் அவர்களுடையது. நான் மாற்றாவிட்டால் வேறு யாரையாவது வைத்து மாற்றிக்கொள்வார்கள்.

அவளிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 27
எழுத வரவில்லை.

மார்ச் 3
சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்றிருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எவனோ ஒருத்தன் கையில அவனைக் குடுக்காத. நானே சாகடிக்கிறேன். நீ டைப் பண்ணு."

மார்ச் 6
மூன்று மதியங்கள். நாக்கும் குழற ஆரம்பித்திருக்கிறது. சில வார்த்தைகளை இரண்டு தரம், மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது. "காதையும் டாக்டர்கிட்ட காட்டுடி" என்றாள்.

"சிறையில அவன் கை ரெண்டும் வேலை செய்யாதுன்னு எழுது. வைத்தியனுக்குக் கை போச்சு, யார்கிட்டயும் சொல்லமாட்டான். கடைசில சிறை வாசல்ல நிக்கிற அந்தக் காவல்காரிகிட்ட மட்டும் கேக்குறான். என்னால உன் கையைப் பிடிக்க முடியாது, நீ என் கையைப் பிடிச்சுக்கோன்னு."

டைப் அடித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இருபது வருடத்தில், பதினேழு புத்தகத்தில், இப்படி ஒரு பக்கம் நான் எழுதியதில்லை. இதையும் நான் எழுதவில்லை.

மார்ச் 19
ஒப்புதல் வந்தது, ஒரு திருத்தத்தோடு. கை விஷயம் வேண்டாமாம். ஓர்வன் மூன்று காவலர்களை வெட்டிவிட்டுத்தான் சாக வேண்டும்.

"அழகா இருக்குங்க, நானே கண் கலங்கிட்டேன். ஆனா போஸ்டர்ல கத்தியோட நிக்கிறான். மேல ஒத்துக்கமாட்டாங்க."

அந்தப் பக்கங்களைச் சொன்னது யார் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும்? போஸ்டரை அழித்துவிடுவார்களா?

மார்ச் 22
மாற்றி அனுப்பிவிட்டேன். வெட்டு, குத்து, ரத்தம். நாற்பது நிமிட வேலை. லேசியாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 8
புத்தகம் வந்தது. லேசியா இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் தலை நிற்பதில்லை. அதனால் நான்தான் வாசித்தேன், மூன்று நாளாக.

இன்று சிறை அத்தியாயம். அச்சான பக்கத்தில் ஓர்வன் கத்தியை வீசிக்கொண்டிருந்தான். நான் அவள் சொன்ன அந்தப் பழைய பக்கங்களை வாசித்தேன், மனப்பாடமாக. திருப்ப வேண்டிய இடத்தில் பக்கத்தையும் திருப்பினேன். காவல்காரி வந்தாள், உட்கார்ந்தாள், அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என் குரல் எங்கும் பிசகவில்லை.

கண்ணை மூடியபடியே கேட்டாள். "மாத்தலையா?"

"ஒரு எழுத்தைக்கூடத் தொடல."

மூச்சு வாங்கிக்கொண்டாள். "ப்ரென்ட்... நல்லவன்டி. நன்றி சொல்லு. நான் சொன்னேன்னு."

அவள் பார்க்கவே லேப்டாப்பைத் திறந்து ப்ரென்டுக்கு எழுதினேன். வார்த்தைகளை நீயே போட்டுக்கொள் என்பதுபோல் கண்ணால் ஜாடை காட்டினாள். 'எங்கள் ஓர்வனை நீங்கள் அப்படியே விட்டுவைத்ததற்கு என் அக்கா லேசியா நன்றி சொல்லச் சொன்னாள்.' வாசித்துக் காட்டினேன். சரி என்றாள்.

அனுப்பிவிட்டேன்.