அண்ணியின் முழங்கை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஸ்னூக்கர் ஹாலில் அண்ணி ஆடுவதைப் பின்னாலிருந்து போனில் படம் பிடித்தேன். ஓட்டிப் பார்த்ததும் திக்கென்றது. கியூ கோலைப் பின்னால் இழுக்கும்போது வலது முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, நாலு விரல் அகலத்துக்கு. பதினாலு வருஷமாக இப்படித்தான் ஆடுகிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். போன மாதம் பயிற்சியாளர் முகாமில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகுதான் இதெல்லாம் கண்ணில் படுகிறது. முழங்கைக்குக் கீழே கை நேராகத் தொங்க வேண்டும். கியூ போகும் கோட்டிலேயே முழங்கையும் இருக்க வேண்டும்.

“நல்லாத்தானே விழுது தம்பி? அதை எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு?”

“இன்னும் நல்லா விழும் அண்ணி. என்னை நம்புங்க.”

நம்பிவிட்டார்.

28ஆம் தேதி தேர்வு ஆட்டம். அலுவலகத்தில் அண்ணியை வேலைக்கு எடுத்ததே அவர்களுடைய ஸ்னூக்கர் அணிக்காகத்தான். அணியில் ஐந்து பேர். ஆறாவதாக வருகிறவருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பில் பெல்ட்டோடு ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறான். இந்த முறை அண்ணி முதல் இடத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை. பயிற்சியாளர் யார் என்று கேட்பார்கள் அல்லவா?

மார்ச் 6, வெள்ளி

சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, எதிரே கண்ணாடி வைத்தேன். அண்ணி கோட்டைப் பார்த்துக்கொண்டு வெறும் கியூவை முன்னும் பின்னும் ஆட்டினார், இருநூறு தடவை. முழங்கை உள்ளே வந்துவிட்டது. பார்க்கப் பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தது.

பந்துதான் விழவில்லை. பத்துக்கு ஆறு. முதலில் கெடும், பிறகு சேரும் என்று முகாமில் சொன்னார்கள். அதையே நானும் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

நீலப் பந்து அதன் புள்ளியில். வெள்ளைக்கும் அதற்கும் மூலைப் பாக்கெட்டுக்கும் நேர்க்கோடு. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பந்து. குனிந்தார், கியூவைப் பின்னால் இழுத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று நொடி, நான்கு நொடி. அப்புறம் வெடுக்கென்று ஒரு குத்து. வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிப் போய் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது.

“கை வெளியூர் போயிட்டு வீட்டுக்கு வர மாட்டேங்குது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று ஏழு முறை. யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பயமாக இருக்கிறது. அதை இங்கேதான் எழுத முடியும்.

“பழைய மாதிரியே ஆடுங்க அண்ணி, முழங்கையை விட்டுடுங்க” என்றேன். குனிந்தார். முழங்கையைக் கொஞ்சம் வெளியே தள்ளினார், உள்ளே இழுத்தார், மறுபடி தள்ளினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பழசு எங்க இருந்துச்சுன்னு தெரியலை தம்பி.”

முகாமில் இதைச் சொல்லித் தரவில்லையே? சரிசெய்யச் சொல்லித் தந்தார்கள். சரிசெய்ததை எப்படித் திரும்ப எடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

“எனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“தேர்வு பயம் அண்ணி. எல்லாம் மனசுதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை, தானாக ஒன்றும் இல்லை. என் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

கியூவின் மேல் பழி போட்டேன். நுனியில் இருக்கிற தோல் டிப் கல்லாகிவிட்டது என்று சொல்லிப் பிடுங்கி, புதிதாக ஒட்டி, நாணய விளிம்பு மாதிரி வளைவாக அரத்தால் ராவினேன். கியூவை மேசைமேல் உருட்டிப் பார்த்தேன். எங்கேயும் தூக்கவில்லை, அம்பு மாதிரி நேராக இருக்கிறது. கைப்பிடிக்குள் இருக்கிற எடையைக் கொஞ்சம் குறைத்தேன். டிப்பில் பூசுகிற சாக்பீஸைக்கூட மாற்றினேன். கியூவில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார்.

முதல் அடியிலேயே கை நின்றது.

“இப்ப எதை மாத்தப் போற?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம்.

மார்ச் 19, வியாழன்

வீட்டிலும் தொடங்கிவிட்டது. காலையில் டம்ளரைத் தூக்கினவர் பாதி வழியில் நிறுத்தி முழங்கையைத் திரும்பிப் பார்த்தார். பூட்டில் சாவி போடும்போதும் அப்படியே. தலை வாரும்போதும்.

அண்ணன் கூடத்தில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். “என்னடா பண்ணின அவளை?” என்றான்.

“ஒண்ணுமில்லையே.”

“நான் லிஃப்ட் மெக்கானிக்டா. பிரேக் எங்க பிடிக்குதுன்னு சத்தத்துலயே தெரியும்.”

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முப்பத்தாறு வயது ஆள்.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று அவர்கள் அறை வாசல்வரை போனேன். சார்ஜர் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் சார்ஜர் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

ஐயோ. எழுத வரவில்லை.

மேசையில் விரிப்பு போர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். “நாளைக்குக் காலையில நரம்பு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கியிருக்கேன். உங்கண்ணனுக்குத் தெரிய வேணாம். எங்கப்பாவுக்கு இதே கை, இப்படித்தான் தொடங்குச்சு. அடுத்த வருஷம் கையெழுத்துப் போட முடியலை. கூட வர்றியா தம்பி? தனியாப் போக பயமா இருக்கு.”

வருகிறேன் என்றேன்.

இந்தப் பத்து நாளும் அந்த மனுஷி தன் அப்பாவின் கையை நினைத்துக்கொண்டா குனிந்து நின்றிருக்கிறார்? நான் டிப்பை ராவிக்கொண்டிருந்திருக்கிறேன். மனசுதான்னு சொன்னேனே, பாவி நான். சொன்னேனே.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் அறைக்கு வெளியே நீலநிற நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். அண்ணி வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தார். மூன்றாவது ஆள் உள்ளே போனதும் ஆரம்பித்தேன்.

“அண்ணி, இது வியாதி இல்லை. மனசும் இல்லை. நான் கெடுத்தது. முழங்கையை உள்ள கொண்டுவந்தேன் பாருங்க, அதுதான். தானா ஓடிட்டிருந்த கையை நினைச்சு நினைச்சு ஓட வச்சுட்டேன். நிறைய பேருக்கு இப்படி ஆகுமாம். எனக்குப் பதினஞ்சாம் தேதியே தெரியும்.”

“பதினஞ்சாம் தேதியேவா?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் பயம்னு சொன்ன?”

“எனக்குத்தான் பயம்.”

அண்ணி பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் இருபது நிமிடம் கழித்து வந்தார். கையில் ஒரு குறையும் இல்லையாம். வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். தொடவோ பேசவோ தைரியம் வரவில்லை. அப்புறம் எழுந்து எனக்கு முன்னால் நடந்து பஸ் ஏறினார். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

அண்ணன் இடுப்பு பெல்ட்டோடு பதினெட்டுப் படி ஏறி ஹாலுக்கே வந்துவிட்டான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவன் சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டான்.

“முகம் பார்க்க வீட்டுல ஒண்ணு வேணும்” என்றான். அவ்வளவுதான் பேசினான்.

மார்ச் 26, வியாழன்

அண்ணி நேற்றும் இன்றும் தனியாக ஆடினார். என்னை ஹாலுக்குள் வர வேண்டாம் என்று ஹால் முதலாளியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நானே சொல்லிக்கொடுக்கிற ஹால். முதலாளி என்னைப் பாவமாகப் பார்த்து, “வெளியே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க வாத்தியாரே” என்றார். நாலு டீ குடித்தேன்.

மார்ச் 28, சனி

கியூ பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஆடும் கூடத்தின் வாசலில் அண்ணி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

“நீ வராத தம்பி. கோபத்துல சொல்லலை. உன் மூஞ்சியைப் பார்த்தாலே முழங்கை ஞாபகம் வருது.”

படியில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. பந்துச் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளை மோதும் சத்தம், அப்புறம் பாக்கெட்டில் விழும் சத்தம். இரண்டாவது வரவில்லை என்றால் தவறிவிட்டது. ஆனால் ஆடுவது அண்ணியா எதிராளியா என்று எப்படித் தெரியும்? நீண்ட மௌனம் வந்தபோதெல்லாம் அண்ணியின் கை நின்றுவிட்டது என்றே நினைத்தேன். என் உள்ளங்கை நனைந்து கால்சட்டையில் இரண்டு ஈரத் தடம். இரண்டரை மணி நேரம்.

கதவு திறந்தது. அண்ணியின் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அஞ்சாவது” என்றார். “ரெண்டு தடவை நின்னுச்சு. நிக்கட்டும்னு நானும் நின்னேன்.”

போன வருஷம் இரண்டாவது இடம். வேலை இருக்கிறது. அந்த மூன்று இடத்தை விழுங்கினவன் நான்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று அண்ணி என்னை ஹாலுக்குள் இருக்கவிட்டார். மூலை மேசையை எடுத்துக்கொண்டு, “அந்தப் பக்கம் திரும்பி உட்காரு” என்றார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாடகைக் கியூக்களை மடியில் வைத்து டிப் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் எதிரே சுவர். முதுகுக்குப் பின்னால் பந்துகள். விழுந்தன, விழுந்தன, ஒரு முறை நீண்ட மௌனம், பிறகு அதுவும் விழுந்தது. கழுத்து திரும்பப் பார்த்தது. பசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து பெட்டியைப் பூட்டும் சத்தம் கேட்டது.

“ஒரே மூச்சுல நாப்பத்தேழு பாயிண்ட்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பார்க்கலையே நீ?”

“பார்க்கலை அண்ணி.”

உண்மையாகவே பார்க்கவில்லை. அண்ணி அதை நம்பினார்.