காலையிலிருந்து கப்பல் நிற்கிறது

நார்கொண்டம் தீவு, அந்தமான்
12.1.2025

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். உன் நலமும் நைனா நலமும் அறிய ஆவல். வந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கே செல்போன் எடுக்காது. போலீஸ் முகாமின் வயர்லெஸ் அவசரத்துக்கு மட்டும். மாதம் ஒருமுறை அரிசி கொண்டுவரும் கப்பலில்தான் கடிதம் வரும், போகும்.

எரிமலை என்றதும் நைனா பயந்தாரே, இது அணைந்துபோன மலை என்று சொல். கரையில் கறுப்புக் கல், அதற்கு மேல் ஒரே காடு. உச்சியை மேகம் மூடியே கிடக்கிறது. சமையல் கொட்டகைக்குள் உடும்பு வந்து பாத்திரத்தை உருட்டுகிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இருவாச்சி இனம், இங்கே நம் ஊர்க் காக்கை மாதிரி தலைக்கு மேல் பறக்கிறது. அந்தப் பறவையைப் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் இங்கே என் வேலை.

பிப்ரவரிக் கப்பலில் வந்துவிடுவேன். மார்ச் பன்னிரண்டில் நீ ரயில்வே பயிற்சியில் சேரலாம். நைனா என் பொறுப்பு. சத்தியம்.

உன் சுவாதி


செஞ்சி
3.2.2025

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை நைனாவுக்கு இரண்டு தரம் படித்தேன். "அணைஞ்சி போச்சின்னு யாரு சொன்னது? கை வெச்சிப் பாத்தாளா?" என்றார். வாதம் வந்த வலது கை இன்னும் எழவில்லை. குளிக்க வைக்கும்போது கோபம் வந்தால் இடது கையால் சொம்பை வீசுகிறார். குவாரியில் கல் உடைத்தவர், குறி தப்புவதில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரயிலே வராத ஊரிலிருந்து ரயில் ஓட்டப் போகிறாள் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேலி. பெட்டி கட்டி ஒரு வாரம் ஆகிறது. தினமும் அதைப் பிரித்துத்தான் உடுத்தத் துணி எடுக்கிறேன். இரண்டு வருஷம் படித்து எழுதிய தேர்வு, சுவாதி. இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை. உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

வந்து சேர்.

மோனிகா


நார்கொண்டம்
26.2.2025

அக்கா,

திட்டாதே. இந்தக் கப்பலில் நான் வரவில்லை.

போன வாரம்தான் ஒரு பெண் இருவாச்சி முட்டையிட மரப்பொந்துக்குள் போய், எச்சத்தால் வாசலை அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் அளவுக்குத்தான் சந்து. ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது. விடிந்ததிலிருந்து அந்தி வரை எத்தனை தரம் என்று குறிக்கிறேன். பாதியில் விட்டால் இத்தனை நாள் வேலையும் வீண்.

அது மற்றவர்களுக்குச் சொல்லும் காரணம். எனக்கு வர மனமில்லை, அக்கா. செஞ்சிக்கு வந்துவிட்டால் மறுபடி யார் என்னை அனுப்பப் போகிறார்கள்? காலையிலிருந்து கப்பல் நிற்கிறது. இரண்டு தரம் சங்கு ஊதிவிட்டார்கள். மரத்தடியை விட்டு எழுந்திருக்காமல் இதை எழுதிக் காவலர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பயிற்சியை இரண்டு மாதம் தள்ளித் தருவார்களா என்று கேளேன்.

சுவாதி


செஞ்சி
10.3.2025

சுவாதி,

கேட்டேன். முடியாது என்றார்கள்.

பறவைக்கு எத்தனை பழம் என்று எண்ணினாயே, இங்கே ஒருத்தி உள்ளே கிடப்பது உனக்குத் தோன்றவே இல்லையா?

உன் கடிதத்தை நைனாவுக்குப் படிக்கவில்லை. "சின்னவ வர்லியா?" என்று அவராகவே கேட்டார். வரவில்லை என்றேன். இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப என்னையும் இட்டுக்கினு போ. ரயிலு எப்டி ஓட்றன்னு பாக்கறேன்" என்றார்.

பனமலைக்குப் போய்க் காத்தாயி அத்தையின் காலில் விழுந்தேன். அண்ணனுக்காக வருகிறேன், உனக்காக இல்லை என்று சொல்லி, ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். பயிற்சி மையத்துக்கு அருகில் ஓர் அறை பார்த்தாயிற்று. இன்று மூன்று பேரும் கிளம்புகிறோம். வீட்டுச் சாவி எதிர்வீட்டு ரஞ்சிதம் அக்காவிடம் இருக்கிறது. நீ வந்தால், அரிசி ஒரு மாதத்துக்கு வரும்.

கோபத்தைவிட எனக்குப் பொறாமைதான் அதிகம். நானாக இருந்தாலும் அந்த மரத்தடியிலிருந்து எழுந்திருக்க மாட்டேனோ என்று நினைக்கும்போது இன்னும் எரிகிறது.

கரைக்கு வந்ததும் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். புது முகவரியை எழுதச் சொல்லி நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மோனிகா