அப்பா தோண்டிய குழி

சின்னு,

மண்ணுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? இத்தனை வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தும் எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியுமாம், நேராகக் கீழேதான் போகுமாம். மற்றபடி இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

கொல்லை சேறாகிறதென்று போன வருடம் அப்பா முழுக்கச் சிமென்ட் பூசினார் அல்லவா, பிறகு நீ போனில் மழைநீர்க் குழியைப் பற்றிச் சொன்னாய், மண் மிச்சமிருந்தது மதில் ஓரத்தில் மட்டும்தான், அங்கேயே தோண்டி மாடிக் குழாயை இறக்கிவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நாலடிப் பள்ளத்தில் தையல்கார அக்காவின் அறை. மூன்றே மழையில் சுவர் ஊறி, பள்ளிக்கூடத்துக்குத் தைத்து வைத்த சீருடைகளில் பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் திரும்பத் தைத்துக் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நேற்று மதில் மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்க வீட்டு மழை எங்க வீட்டுல பெய்யுது" என்றாள். இவர், "தண்ணில என் பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். நான் வாய் திறந்தால், "நீ எப்பவுமே அடுத்தவங்க கட்சி."

சரி, பேரை எழுதியே பார்ப்போம் என்று, தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடிக்கும் பச்சைச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்து, அக்காவிடமும் சொல்லிவிட்டு, இன்று மாலை குழியில் ஊற்றினேன். அவள் சுவரில் சாயம் வராவிட்டாலும் அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடாது, மண்ணே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சாயம் ஊற்றியதை அவரிடம் சொல்லிவிட்டேன், இதை மட்டும் சொல்லவில்லை.

இனிமேல் அவருக்கு யோசனை சொன்னால் முழுசாகச் சொல். சுவரை விட்டுத் தள்ளித் தோண்டுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு இந்தத் தலைவலி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள், நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

உன் அம்மா

மறுநாள்: ராத்திரி நல்ல மழை. காலையில் அக்கா, "மேடம், சுவரு பச்சையா அழுவுது!" என்று கத்தினாள். அப்பா போய்ப் பார்த்தார். "பச்சைதான், ஆனா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே குழாயைக் கழற்றித் தெருப்பக்கம் திருப்பினார். அக்காவின் தையல் மெஷினைத் தூக்கிவந்து நம் முன்னறையில் போட்டார், வெள்ளிக்கிழமை வரை அது அங்கேதான். பிறகு கடப்பாரையால் கொல்லை நடுவில் சிமென்ட்டை உடைத்தார். இத்தனை மழைக்கும் அடியில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறதென்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.