நிரோஜனைக் கூப்பிட்ட நாடு

ஜனவரி 24, சனி

நல்ல குளிர். மழை இல்லை. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் காலையில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. மருமகன் சிவா தட்டிப் பார்த்தார். தட்டியதற்கோ என்னவோ மறுபடி ஓடுகிறது.

நிரோஜன் டென்மார்க்கிலிருந்து வந்துவிட்டான். தொடை பிடித்துக்கொண்டதாம், பத்து நாளைக்கு ஓடக்கூடாதாம். கலாவும் சிவாவும் அந்த நாட்டை விட்டு இங்கே கடை போட வந்தபோது மகன் மட்டும் கால்பந்துக்காக அங்கேயே நின்றவன். இப்போது அங்கே முதல் டிவிஷன். இடது பக்கத் தடுப்பு ஆட்டம். கலா என் தம்பியின் மகள். எனக்கென்று பிள்ளைகள் இல்லை, லண்டன் இல்ஃபோர்ட்டில் அவள் வீட்டில்தான் சோறு, படுக்கை. ஆகவே இவன் எனக்கும் பேரன்தான்.

பின்னேரம் இருவரும் டிவியில் மேட்ச். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தமிழே மூன்றாம் வகுப்பு. முதுகில் இருக்கும் பெயரை வாசிக்க ஏலாது, ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி ஓடுகிறவன் மாலிக்காரன். ஒரு தோளைச் சாய்க்கிறவன் கோசோவோக்காரன். பந்து வருமுன்னே பின்னால் திரும்பிப் பார்க்கிறவன் கேப் வெர்டே. சின்ன நாட்டுக்காரர்கள்தான் என் கண்ணில் படுவார்கள். பிரேசில்காரனைப் பந்து தேடி வரும். இவர்கள் பந்தைத் தேடிப் போகவேண்டும்.

நிரோ சிரித்தான். "தாத்தா, நீங்க ஸ்கவுட்டாப் போயிருக்கலாம்."

சாப்பாடு இடியப்பம், சொதி, மீன் குழம்பு. சாப்பிடும்போது சொன்னான். இலங்கை அணியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம். மார்ச்சில் கொழும்பில் ஆட்டம்.

கலாவின் கையில் சொதிக் கரண்டி. அதைச் சட்டிக்குள் விட்டாள். கை கழுவினாள். மாடிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில் போல ஒன்று. நிரோவோடு பார்க்கில் நடை. அவனுக்குத் தொடை நோ, எனக்கு முழங்கால் நோ. பொருத்தமான சோடி.

ஏன் போக விருப்பம் என்று கேட்டேன்.

"எங்கட கிளப்பில ஆர் ஆர் இருக்கினம் எண்டு தெரியுமோ தாத்தா? காம்பியா ஒராள், ஃபரோ தீவு ஒராள், கோசோவோ ரெண்டு பேர். நஷனல் டீம் விளையாடுற கிழமை வந்தா எல்லாரும் போயிடுவினம். கிரவுண்டில நானும் வயசுபோன கோல்கீப்பரும் மட்டும். அவர் நிப்பார், நான் அடிப்பன். பிறகு அவரும் பிள்ளையை ஸ்கூலால கூட்டப் போயிடுவார்."

"டென்மார்க் உன்னைக் கூப்பிடாதோ?"

"எனக்கு முன்னால கனபேர் லைனில நிக்கினம். நான் நல்லா விளையாடுவன். அவங்கள் என்னிலும் நல்லா விளையாடுவாங்கள்." கோபமே இல்லாமல் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஃபரோ தீவுக்காரனின் நாட்டுச் சனம் முழுவதும் இல்ஃபோர்ட்டுக்குள் அடங்குமாம். "ஆனா அவன் திரும்பி வரேக்க ராசா மாதிரி வருவான் தாத்தா. அஞ்சு கோல் வாங்கித் தோத்திட்டுத்தான் வருவான். எண்டாலும் ராசா."

ஜெர்மனியில் நான் மைதானம் கூட்டிய காலம் நினைவு. ஆட்டம் முடிந்து சனம் போனபின் படிக்கட்டில் பேப்பர் கப் பொறுக்கும் வேலை. கொஞ்சம் முந்திப் போனால் கடைசிக் கால்மணி நேரம் பார்க்கலாம். சாம்பியாவோ சயீரோ, ஒரு நெட்டையன் விளையாடினான். அவன் பந்தைத் தொட்டால் கூட்டம் குரங்குச் சத்தம் போடும். ஒரு நாள் தலையால் முட்டி கோல் போட்டான். அதே கூட்டம், அதே வாய், அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் கை தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. போட்டிருந்த சேட்டில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்தான். அந்த நடை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

தூறல். மணியம் கடைக்கு. வாங்கியது: மரவள்ளிக்கிழங்கு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய். முருங்கைக்காய் தடி மாதிரி, வாங்கவில்லை.

கதை அங்கே முந்திப் போய்விட்டது.

மணியம்: "அண்ணை, பேரன் சிங்கச் சேட்டுப் போடப்போறானாமே? உங்களுக்கும் ஒண்டு அனுப்புவானோ?"

"உன்ர தட்டில இருக்கிற தேயிலைப் பெட்டியில என்ன படம் மணியம்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, தினமும் அடுக்குகிறவன். இலங்கைக் கொடியில் இருப்பதுபோல வாளோடு சிங்கம் நிற்கிறது.

"அது வியாபாரம் அண்ணை."

"அவனுக்கு இது வேலை."

நின்றவர்கள் சிரித்தார்கள். கந்தையா மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. பாண் பையைக் கையில் பிடித்தபடி, "நான் ரெண்டு பிள்ளையளைச் சண்டையில குடுத்தனான். அந்தக் கொடியை டிவியில பாத்தாலும் அடுத்த சனலுக்கு மாத்திப்போடுவன். உங்கட பேரனைக் குறை சொல்லேல்லை. ஆனா என்னைப் பாக்கச் சொல்லாதேங்கோ" என்றார்.

"ஓம் மாஸ்ரர்" என்றேன். கிழங்கை மறந்து, பிறகு திரும்பிப் போய் எடுத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

கலா மகனோடு இன்னும் கதைக்கவில்லை. தோசை சுடுகிறாள், தட்டில் வைக்கிறாள், சட்னி ஊற்றுகிறாள். வாய் மட்டும் பூட்டு. அவன் "அம்மா" என்றால் குசினி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிடுகிறாள்.

அவன் பிசியோவிடம் போன நேரம் பார்த்துக் கலாவிடம் கேட்டேன். மணியம் கடைக் கதையையும் சொன்னேன்.

"கடையில கதைக்கிற கொடிக்கதை எனக்குத் தேவையில்லை பெரியப்பா. என்ன படம் போட்ட சேட்டையும் குடுக்கட்டும். என்ர அப்பாவும் பந்து விளையாடத்தான் கொழும்புக்குப் போனவர்."

"இப்ப அந்தக் காலம் இல்லைப் பிள்ளை."

"எனக்கு அந்தக் காலம்தான்."

தம்பி செல்வம். இடக்கால்காரன். கொழும்பில் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எண்பத்துமூன்று ஆடியில் ரயில் ஏறினான். கலா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். நான்தான் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். நீலக் கோடு போட்ட சேட்டு. சப்பாத்து இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் போட்டிருந்தான். சாப்பிடக் கொடுத்த வாழைப்பழத்தை ஜன்னலால் திருப்பித் தந்தான். "நீ சாப்பிடண்ணை, எனக்கு வயிறு பாரம் ஆகக்கூடாது." அந்தக் கிழமைதான் கொழும்பில் தமிழரைக் கொன்ற கலவரம். அங்கிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தபோது துறைக்குப் போய், இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உடலும் இல்லை, சேதியும் இல்லை.

கலாவின் தாய் சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. அவனுக்குத் திவசம் கொடுத்ததில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவன் நட்சத்திரத்துக்கு அருச்சனை, உயிரோடிருக்கிறவர்களுக்குச் செய்வதுபோல. தாய்க்குப் பிறகு கலா செய்கிறாள். கலவரத்தில் தாத்தா காணாமல் போனார் என்பது மட்டும் நிரோவுக்குத் தெரியும். எதற்காகப் போனார் என்று யாரும் சொன்னதில்லை.

"அவனிட்ட இதைச் சொல்லன் பிள்ளை."

"சொன்னா அவன் போகமாட்டான் பெரியப்பா. அதுதான் சொல்லேல்லை."

போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்ல மனம் வரவில்லை. வெங்காயத்தை அரிந்துகொண்டே இருந்தாள். கறிக்கு வேண்டியதைவிட மூன்று மடங்கு அரிந்துவிட்டாள்.

பெப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

கோயில். நல்ல சனம். கார் நிறுத்த இடமில்லாமல் சிவா மூன்று தெரு சுற்றினார். நிரோ வேட்டி கட்டி அதன்மேல் பெல்ட். கால்பந்துக் கால் என்பதால் வேட்டிக்குள் அடங்கவில்லை.

வழக்கமான பெரிய ஐயர் இல்லை. இளம் ஐயர் ஒருவர், ஊரிலிருந்து புதிதாக வந்தவர், நல்ல மனிதர். தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஆருக்கம்மா?"

"செல்வராசா. பூச நட்சத்திரம், கடக ராசி."

"அப்பாவோ? ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. நடக்க ஏலாதெண்டா வாசல்ல வீல்செயார் இருக்கு."

அன்பாகத்தான் கேட்டார். பின்னால் வரிசை நெருக்கியது. ஒரு பெண், "அக்கா, கெதியாச் சொல்லுங்கோ" என்றாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவர் இல்லை ஐயா" என்றாள் கலா.

அவள் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. என் வாயாலும் சொன்னதில்லை.

"எண்பத்திமூண்டில கொழும்புக்குப் பந்து விளையாடப் போனவர். திரும்பி வரேல்லை."

ஐயரின் முகம் மாறிவிட்டது. "இல்லாத ஆக்களுக்கு இப்பிடி அருச்சனை செய்யிறேல்லை அம்மா..." என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்ப மகனுக்குச் செய்யுங்கோ. நிரோஜன். உத்தரட்டாதி, மீன ராசி. அவரும் கொழும்புக்குப் போறார். பந்து விளையாட."

மகனிடம் சொல்லவில்லை. ஐயரிடம் சொன்னாள். நிரோ பக்கத்தில் நின்றான். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டான், தாத்தா போன காரணத்தையும், தான் போகலாம் என்பதையும்.

காரில்: "அம்மா, நான் போகேல்லை."

"விசர்க்கதை கதையாதை. ஐயர் மந்திரம் சொல்லியாச்சு, தேங்காய் உடைச்சாச்சு. இனி நீ போகாட்டித்தான் சாமிக் குற்றம்."

சிவா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

காற்று. நிரோ திரும்பிப் போய்விட்டான். கலாவின் கண் வீக்கம்.

அப்பாவின் திவசத்துக்கு எந்தத் திதி என்று கேட்டாள். எனக்கு எல்லாம் நினைவு இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ரயில் ஏறிய நாள் தெரியும். பெட்டியின் நிறம் தெரியும். செத்த நாள் எனக்கெப்படித் தெரியும்.

ஐயருக்குப் போன் எடுத்தாள். திதி தெரியாவிட்டால் தகப்பனுக்கு ஆடி அமாவாசையாம். ஆடிதான். அது ஒன்றாவது பொருந்துகிறது.

இன்று வேறு ஒன்றும் எழுத மனமில்லை. பொயிலர் மறுபடி இருமுகிறது.

மார்ச் 31, செவ்வாய்

ஆட்டம். அங்கே பின்னேரம், இங்கே காலை. சிவா அரைநாள் கடை பூட்டு. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். பெரிய டிவியில் வராதாம்.

தொடங்குமுன் வாசல் மணி அடித்தது. மணியம். கையில் மிக்சர் பை.

"மேட்ச் பாக்க வரேல்லை அண்ணை. சும்மா இந்தப் பக்கம் வந்தனான்."

"ஓம், ஓம். வா, சும்மா இரு."

வரிசையாக நின்றார்கள். இடமிருந்து கடைசி நிரோ. அந்தச் சிங்கச் சேட்டு. நானும் ஒருதரம் கண்ணை வேறு பக்கம் எடுத்துவிட்டேன், பொய் சொல்லக்கூடாது. தேசிய கீதம் தொடங்கியதும் கலா சத்தத்தை நிறுத்திவிட்டாள். நிரோவின் வாய் அசையவில்லை. கை பின்னால். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லோரும் கலைந்தபிறகு சத்தத்தைக் கூட்டினாள்.

எதிரே ஒரு அரபு நாடு. நெட்டை நெட்டையாக ஆட்கள். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கியாயிற்று. அடுத்தது கோல்கீப்பரையும் தாண்டி உருண்டு போகிற பந்து, நிரோ எங்கிருந்தோ வந்து கோட்டில் வைத்து இடக்காலால் வெளியே அடித்தான்.

"அடியடா தம்பி! எங்கட பிள்ளையடா!" மணியம் எழுந்து நின்று கத்தினான். பிறகு சுற்றிப் பார்த்தான். "தண்ணி ஒருக்கா தாங்கோ தங்கச்சி" என்று கேட்டு இருந்துகொண்டான்.

ஒருவன் நிரோவின் கணுக்காலில் மிதித்தான். ரெஃபரி விசில் அடிக்கவில்லை. கலா அவரை டேனிஷில் ஏசினாள். மகனின் ஆட்டங்களுக்குப் போய்ப் பழகிய ஏச்சு. மொழிபெயர்க்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள்.

தோல்விதான். இரண்டு, பூச்சியம். முடிந்தபின் போன் வந்தது.

"தோத்திட்டம் அம்மா." குரலில் தோற்ற மாதிரியே இல்லை. "ரூமில எல்லாரும் பாட்டுப் போட்டு ஆடுறாங்கள். கோல்கீப்பர் கேக்கிறான், ஸ்னோவுக்க எப்பிடிப் பந்தைப் பிடிக்கிறதாம்."

"கால் என்ன மாதிரி?"

"வீக்கம். ஐஸ் வச்சிருக்கு."

"வெளியில எங்கயும் போகாதை."

"இல்லையம்மா. ஹோட்டல், பஸ், எயார்போர்ட். வேற ஒரு இடமும் இல்லை."

சரி என்று வைத்தாள். மணியம் போகும்போது மிக்சர் பையை மறந்தது போல விட்டுவிட்டுப் போனான்.

ஏப்ரல் 2, வியாழன்

வெயில். பின்வளவில் உடுப்புக் காய்கிறது.

நிரோவின் விமானம் காலையில் டென்மார்க்கில் இறங்கவேண்டும். கலா வேலைக்குப் போகவில்லை, தலையிடி என்று சொல்லிவிட்டாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதற்குக் காவல். நான் தேத்தண்ணி போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன். அவளும் தெரியாமல் குடித்தாள்.

நேரம் பிந்தியது. விமானம் பிந்துகிறது வழக்கம்தான் என்றேன். ஓம் பெரியப்பா என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடி ஓம் என்றாள்.

பிறகு போன் மினுங்கியது. கலா வாசித்தாள். "இறங்கிட்டன் அம்மா. இங்க மழை."

கலா போனை மேசையில் வைத்தாள். அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. கால் ஏலாமல் கிடக்கு பெரியப்பா."

நானும் அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இருந்தபிறகுதான் யோசித்தேன், இந்த முழங்காலோடு இனி எழும்ப ஏலாது. அவளிடம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கினாள், அழுகிறாளோ தெரியவில்லை. சிவா கடை பூட்டி வரும்வரை இருவரும் அங்கேதான்.